ரெண்டு தட்டு

ஜெர்மனிக்கா? மகனையா அனுப்புறீங்க? தப்பா நெனைக்காதீங்க அண்ணாச்சி, பைல் மேல ஜெர்மன் எழுத்து தெரிஞ்சுது, அதான் கேட்டேன். நானும் அங்க இருந்தவன்தான். ரெண்டு வருசம் படிச்சேன். அப்புறம் ஒரு பதினாலு மாசம் வேற மாதிரி இருந்தேன். சொல்றேன், எங்க போயிரப் போறோம். பஸ் இன்னும் சாத்தூரே தாண்டல.

எல்லாரும் குளிருக்குப் பயப்படுறாங்க, பாசைக்குப் பயப்படுறாங்க. குளிருக்குக் கோட்டு இருக்கு, பாசைக்கு கிளாஸ் இருக்கு. சாப்பாட்டுக்குத்தான் ஒண்ணும் இல்ல. அரிசி கெடைக்காதுன்னு சொல்லல. அரிசி கெடைக்கும், மொளகாப்பொடி கெடைக்கும், முருங்கைக்காயைக்கூட ஐஸ்ல வச்சு விக்கிறான். நான் சொல்றது வேற. சாப்புடுற எடத்துல மனுசன்கிட்ட மனுசன் எப்படி நடந்துக்கிடணும்னு ஒண்ணு இருக்குல்ல, அது. அதுலதான் என் படிப்பு போச்சு. இன்னும் நாலே மாசம். தீசிஸை மட்டும் குடுத்திருந்தா எட்டயபுரம் பக்கம் எங்க ஊர்ல முதல் எம்.எஸ். நான்தான். பத்திரிகையில மாசானம் எம்.எஸ்.னு அடிச்சிருப்பாங்க. இப்ப வெறும் மாசானம்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடுறேன். நான் சண்டைக்காரன் கெடையாது. ஈ எறும்புக்குத் தீங்கு நெனைக்க மாட்டேன். எங்க ஊர்ல கேட்டுப் பாருங்க. வேண்டாம், கேக்க வேண்டாம், எங்க அப்பா பேரைச் சொன்னதும் அங்க கதையையே மாத்திருவாங்க.

அப்பா கதையைச் சொன்னாத்தான் என் கதை புரியும். எனக்கு அப்ப ஒம்பது வயசு. அப்பாவோட சித்தப்பா மக கல்யாணம். முதல் பந்தியில அப்பா உக்காந்துட்டார், நான் பக்கத்துல. எலை போட்டு, சோறு போட்டு, சாம்பார் ஊத்தியாச்சு. அப்பா பெசஞ்சு ஒரு வாய் வச்சாச்சு. அந்நேரம் பொண்ணோட தாய்மாமன் ஒருத்தர், பேரு செல்லையா, வேகமா வந்து அப்பா எலைக்கு முன்னால பெஞ்சில ரெண்டு தட்டு தட்டினார். டொக், டொக். "எந்திரிப்பா, மாப்பிள்ளை வீட்டு ஆளுக வந்துட்டாக. நீ அடுத்த பந்தியில உக்காரு."

சாப்புடுறவனை எழுப்பலாமா அண்ணாச்சி? நாயைக்கூட நாம வெரட்ட மாட்டோம் வாய் வச்சுட்டுன்னா. எங்க அப்பா எந்திரிச்சார். எச்சிக்கையோட ஒரு நிமிசம் நின்னார். எல்லாரும் பாக்குறாங்க. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. பக்கத்துல பாயசம் பரிமாறுறவன் வாளியோட நின்னான், அடுப்புல இருந்து அப்பத்தான் எறக்கினது. அப்பா அந்த வாளியை வாங்கி, செல்லையா மாமா தோள்ல கவுத்துட்டார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேக்குது. சட்டையைக் கழட்டுறப்ப தோலும் சேந்து வந்துச்சு.

போலீசு கேசு எல்லாம் இல்ல. ஊர்ல பேசி முடிச்சாங்க. நம்ம பக்கம் பகை எப்படித் தீரும், உங்களுக்குத் தெரியாததா? பகையாளி வீட்டுல போய்க் கை நனைக்கணும். சாப்பிட்டா தீந்துச்சு. அப்பா ஒரு மாசம் கழிச்சு அவர் வீட்டுக்குப் போனார், நானும் போனேன். கறிக்குழம்பு. ஒரே எலையில ரெண்டு பேரும் உக்காந்தாங்க. செல்லையா மாமாவுக்குக் கை தூக்க வரல, அதனால எங்க அப்பாதான் ஊட்டி விட்டார். முதல்ல அவர் மூஞ்சியைத் திருப்பினார், அப்பா தாடையைப் பிடிச்சு நேரா வச்சு ஊட்டினார். மாமா கண்ணுல தண்ணி வந்துச்சு. காரம். அவர் வீட்டு அத்தை மொளகா கூடத்தான் போடுவாக. அதோட பகை தீந்துச்சு. அப்புறம் அவர் எங்க தெருப் பக்கமே வந்ததில்ல. அவ்வளவு சமாதானம்.

சரி, ஜெர்மனிக்கு வாரேன்.

கிழக்குப் பக்கம் ஒரு ஊரு, பேரு சொன்னா உங்களுக்கு நாக்கு சுளுக்கிக்கும். புராஜெக்டுல நாங்க நாலு பேர். நான், ஹென்ரிக்கு, டோபியாசு, லியோனின்னு ஒரு பொண்ணு. ஹென்ரிக்குதான் எங்க டீமுக்குத் தலை. நல்ல பையன், பொய் சொல்லக் கூடாது. மெசின் ஓடலேன்னா ராவும் பகலும் எங்கூட நின்னு சரி பண்ணிக் குடுப்பான். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ரூமுக்கு வந்து சூப்பு வச்சிட்டுப் போனான். உப்பு கெடையாது, ஒரைப்பு கெடையாது. நான் அதைக் குத்தம் சொல்லல, குடிச்சேன்.

ஆனா ஓட்டலுக்குப் போனா அவங்க எல்லாருமே வேற ஆளு. ஒருத்தன் தட்டுல இருந்து இன்னொருத்தன் எடுக்க மாட்டான். ஒரு தடவை நான் என் தட்டுல இருந்த நல்ல கறித்துண்டா பாத்து லியோனி தட்டுல வச்சேன். அந்தப் புள்ள தட்டை இழுத்துக்கிடுச்சு, என்னமோ பாம்பைப் போட்ட மாதிரி. சாப்புடும்போது ஏப்பம் விட்டா மொறைப்பாங்க. ஆனா சாப்பாட்டு மேசையில உக்காந்துக்கிட்டே கைக்குட்டையை எடுத்து சங்கு ஊதுற மாதிரி மூக்கைச் சிந்துவான், அது தப்பு இல்ல. "இன்னும் கொஞ்சம் வைக்கவா"ன்னு கேட்டு, நாம மரியாதைக்கு "போதும்"னா, நெசமாவே எடுத்துட்டுப் போயிருவான். ரெண்டாம் தரம் கேக்குற பழக்கமே கெடையாது. முத ஆறு மாசம் நான் எத்தனை வீட்டுல அரை வயித்தோட எந்திரிச்சேன் தெரியுமா?

எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன். பொறுத்தார் பூமி ஆள்வார்னு சொல்லுவாங்கல்ல.

அன்னைக்கு புராஜெக்டு நல்லபடியா முடிஞ்சுது. புரொபசர் பாராட்டினார். பாடம் முடிஞ்சா அங்க கை தட்ட மாட்டாங்க, வெரல் முட்டியால டெஸ்கைத் தட்டுவாங்க, அதான் பாராட்டு. அது எனக்குத் தெரியும், நானும் தட்டியிருக்கேன். மத்தியானம் நாலு பேரும் ஓட்டலுக்குப் போறதா பேச்சு. நானும் லியோனியும் முதல்ல போய் உக்காந்தோம். டோபியாசு அப்புறம் வந்தான், அவன் ஆள் மாடு மாதிரி இருப்பான். வந்ததும் மேசையை ரெண்டு தட்டு தட்டிட்டு உக்காந்தான். நான் கண்டுக்கிடல. அது அந்தக் கோடியில, என் தட்டுக்கு அது தூரம்.

சாப்பாடு வந்துச்சு. வறுத்த கறி, செவப்பு முட்டைக்கோசு, உருளைக்கிழங்குல பெருசா ரெண்டு உருண்டை. எனக்கு அதைக் கத்தியால வெட்டுறதுக்கு மனசு வரல, கையாலதான் பெசஞ்சேன். ஒரு வாய் வச்சேன். ஹென்ரிக்கு அப்பத்தான் வாரான். சைக்கிள்ல வந்தது, மூக்கெல்லாம் செவந்திருக்கு, மூஞ்சியெல்லாம் சிரிப்பு. நேரா எம்பக்கத்துல வந்து நின்னான். என் தட்டுல இருந்து ஒரு சாண் தள்ளி, மேசையில ரெண்டு தட்டு. டொக், டொக். அப்புறம் அவன் பாசையில என்னமோ ரெண்டு வார்த்தை சொல்லி, கையை இப்படி ஆட்டுறான். தள்ளு, தள்ளுன்னு.

அண்ணாச்சி, எனக்கு வாயில சோறு இருக்கு.

காது அடைச்சுப் போச்சு. எங்க அப்பா எச்சிக்கையோட நின்னதுதான் கண்ணுக்குள்ள. இத்தனை கடல் தாண்டி, இத்தனை படிச்சு, இங்கயும் வந்து எந்திரின்னு தட்டுறானே. தட்டை எடுத்தேன். அங்க தட்டு நம்ம எவர்சில்வர் இல்ல, பீங்கான், அம்மிக்குழவி கனம். அதால லேசா ஒரு தட்டு தட்டினேன். தாடையில. லேசாத்தான். அவன் மேசையைப் பிடிச்சுக்கிட்டு நிமிந்தான், இன்னொண்ணு. அவனும் ரெண்டு தட்டினான், நானும் ரெண்டுதான் தட்டினேன். அதுக்கு மேல அவனை நான் தொடல. தாடை ரெண்டு எடத்துல ஒடைஞ்சதுக்கும் மூணு பல்லு கொட்டினதுக்கும் நான் என்ன பண்ண முடியும்? தெனமும் பாலும் பாலாடைக்கட்டியுமா திங்கிறாங்க, எலும்புல பலம் வேண்டாமா?

டோபியாசு பின்னால இருந்து என்னைக் கட்டிப் பிடிச்சான். தலையைப் பின்னால ஒரு வெட்டு வெட்டினேன், அவன் மூக்கு ஒடைஞ்சுது. மேசை கவுந்துச்சு. அது லியோனி கால் மேல விழுந்துச்சு, அதுக்கும் என் பேர்லதான் கேசு. எல்லாரும் ரத்தம் ரத்தம்னு கத்துறாங்க. தரையில கெடந்தது பாதிக்கு மேல முட்டைக்கோசு, அதை யாரும் சொல்லல. அப்புறம் போலீசு வந்து என்னைக் குப்புறப் போட்டு முதுகுல முட்டிக்காலை வச்சான். என் கன்னம் குழம்புல கெடக்கு. அப்பவும் நான் ஒரு வார்த்தை தப்பாப் பேசல.

கூட்டிட்டுப் போகும்போது ஹென்ரிக்கு நாற்காலியில உக்காந்து வாயில துண்டை வச்சிருந்தான். துண்டு நனைஞ்சு ஒழுகுது. எனக்கு மனசு கேக்கல. ஒடம்பு முடியாதவன்கிட்ட போறேன்னு சொல்லலாமா, அபசகுனமில்லையா? அதனால அவன் பாசையில நிதானமாச் சொன்னேன், "போயிட்டு வாரேன்"னு. அதைப் போலீசு எழுதிக்கிட்டான். வருவேன்னு மெரட்டினானாம். மரியாதை சொன்னா மெரட்டலாம், எங்க போய் முட்டிக்கிட?

போலீசு ஸ்டேசன்லதான் ஒரு பொம்பளை ஆபீசர் வெளக்கிச் சொல்லுச்சு. கூட்டமா உக்காந்திருக்குற மேசைக்கு வந்தா ஒவ்வொருத்தருக்கா கை குடுக்க மாட்டாங்களாம், மொத்தமா மேசையில ரெண்டு தட்டு தட்டுவாங்களாம். வணக்கம்னு அர்த்தம். கையை ஆட்டினது, கொஞ்சம் நகந்து உக்காரு, நானும் உம்பக்கத்துல உக்காந்துக்கிடுறேன்னு கேட்டானாம். நான் சொன்னேன், வணக்கம்னா வாயால சொல்ல வேண்டியதுதான? பெஞ்சைத் தட்டி வணக்கம் சொல்ற ஊரு எந்த ஊரு? அதையும் அந்தப் பொம்பளை எழுதிக்கிடுச்சு.

கேசு நடக்குற வரைக்கும் வெளிய விட்டாங்க. ஹென்ரிக்கு இருக்குற எடத்துக்கு நூறு மீட்டர் கிட்ட வரக் கூடாதுன்னு ஒரு பேப்பர். யுனிவர்சிட்டியில தனியா விசாரணை, மூணு வாரம் கழிச்சு வியாழக்கிழமை. எனக்குக் குடுத்த வக்கீலு சொன்னார், "அந்தப் பையன் உனக்காக ரெண்டு வரி எழுதிக் குடுத்தா படிப்பு தப்பிக்கும், இல்லேன்னா அவ்வளவுதான். அவன் என்ன செய்யணும்னு அவன்தான் முடிவு பண்ணணும். நீ அந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்காதே."

வக்கீலுக்கு என்ன தெரியும்? பகையாளி வீட்டுக்குப் போகாம பகை எப்படித் தீரும்? கை நனைக்கணும், வேற வழி இல்ல. ஞாயித்துக்கிழமை காலையில எந்திரிச்சுக் குளிச்சேன். சோறு வச்சேன், ரசம் வச்சேன். அவனுக்குத் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்குன்னு கேள்விப்பட்டேன், மெல்ல முடியாதுல்ல, அதனால சோறைக் கொழைய விட்டு மசிச்சு எடுத்துக்கிட்டேன். அவ்வளவு யோசிச்சேன் அவனுக்காக. டப்பாவுல போட்டு, சூடு ஆறாம துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போனேன்.

மணி அடிச்சேன். கதவைத் தெறந்தான். என்னைப் பாத்ததும் மொகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துருச்சு. கதவைச் சாத்தப் பாத்தான், நான் காலை வச்சேன். "நான் சமாதானத்துக்கு வந்திருக்கேன்"னு சொல்லிக்கிட்டே உள்ள போனேன். அவனால பேச முடியாது. பல்லுக்குப் பல்லு கம்பி. கையால என்னமோ காட்டுறான். சமையக்கட்டு மேசையில ஒரு கவர் இருந்துச்சு, அதை எடுத்து என் பக்கம் நீட்டுறான். இதைப் படி, இதைப் படின்னு காட்டுறான். நான் அதை வாங்கி ஓரமா வச்சேன். எழுத்து எங்க போயிருது? முதல்ல சாப்பாடு, அப்புறம்தான் பேச்சு. அந்த எடத்துலதான் டப்பாவைத் தெறந்து வச்சேன்.

வேண்டாம்னு தலையை ஆட்டினான். முத தரம் வேண்டாம்னு சொல்றது மரியாதை, அது நமக்குத் தெரியும். ரெண்டாம் தரமும் ஆட்டினான். அதுவும் மரியாதைதான்னு நெனைச்சுக்கிட்டேன். மூணாம் தரம் என்னைத் தள்ளிட்டு வாசலுக்கு ஓடப் பாத்தான். எனக்கு மனசு விட்டுப் போச்சு அண்ணாச்சி. விடியக்காலம் எந்திரிச்சு ஆக்கிக் கொண்டு வந்திருக்கேன். பிடிச்சு உக்கார வச்சேன். தோளை அமுக்கி, தலையைச் செவரோட வச்சுக்கிட்டு, உதட்டை வெரலால பிரிச்சு, கம்பிச் சந்துல ரசச் சோறை வச்சுத் தள்ளினேன். அடிக்கிற கைதான் அணைக்கும்னு சொல்லிக்கிட்டே ஊட்டினேன், தமிழ்ல. ஒரு வாய். ரெண்டு வாய். கண்ணுல தண்ணி கொட்டுது. மொளகு கொஞ்சம் கூடிப் போச்சோன்னு நெனைச்சேன்.

அப்பத்தான் அவன் அந்த வேலையைப் பண்ணினான். மேசையில கெடந்த முள்ளுக்கரண்டியை எடுத்து, சோறு ஊட்டுற கையில, இங்க, மணிக்கட்டுக்கு மேல, மொத்தமா எறக்கிட்டான். உண்ட வீட்டுக்கு ரெண்டகம்னு சொல்லுவாங்க, இவன் சோறு வாயில இருக்கும்போதே பண்ணிட்டான். வலி உயிர் போச்சு. ஆனாலும் கையை எடுக்கல. இன்னும் ஒரு வாய் போனா முடிஞ்சிரும்னு இருந்தேன். அவன் இருமுறான், துப்ப வரல, கம்பி விடல. மூஞ்சி நீலம் பாஞ்சிருச்சு. காலை ஒதைக்கிறான், நாற்காலி ஒதைபட்டுச் செவருல மோதுது. அந்தச் சத்தத்துக்கு மேல்வீட்டுக்காரன் ஓடி வந்தான். அவன் ஒரு பிளேயரை வச்சுக் கம்பியை வெட்டினான். வெட்டினப்ப பல்லு ஒண்ணு கூட வந்துருச்சு. உயிர் பொழைச்சது அந்த மேல்வீட்டுக்காரனாலதான்னு பேப்பர்ல போட்டாங்க. சோறு கொண்டு போனவனைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை கெடையாது.

அப்புறம் என்ன. பதினாலு மாசம் உள்ள. அதுக்கப்புறம் பிளேன் ஏத்தி விட்டாங்க. இனிமே அந்தப் பக்கம் போக முடியாது.

அந்தக் கவரா? கோர்ட்டுல படிச்சுக் காட்டினாங்க. முந்தின நாளே எழுதி வச்சிருக்கான். ரசம் கொட்டி மஞ்சளா இருந்துச்சு, எழுத்து தெரிஞ்சுது. மாசானம் எங்க பழக்கம் தெரியாம பயந்துட்டான், நான்தான் சொல்லிக் குடுத்திருக்கணும், என்மேலயும் தப்பு இருக்கு, அவனைப் படிப்பை விட்டு நிறுத்தாதீங்க, அவனுக்கு இன்னும் நாலு மாசம்தான் இருக்கு, நான் அவனை மன்னிச்சுட்டேன், அப்படின்னு ரெண்டு பக்கம். கையெழுத்தும் போட்டிருக்கான். திங்கக்கிழமை கொண்டு போய்க் குடுக்குறதா இருந்தானாம். நான் சோறு கொண்டு போன பெறகு எழுதினது எல்லாம் இல்லேன்னுட்டான். பாத்தீங்களா, அவங்க குணம் அவ்வளவுதான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க.

இப்பவும் சொல்றேன், லெட்டர் என்ன லெட்டர். எழுதுறது யாரும் எழுதலாம். ஒரு வாய், ஒரே ஒரு வாய் முழுங்கியிருந்தான்னா அன்னைக்கே எல்லாம் தீந்திருக்கும். உங்க மகன்கிட்ட மறக்காமச் சொல்லுங்க. படிப்பு உண்டு, வேலை உண்டு, ரோடு கண்ணாடி மாதிரி இருக்கும், எல்லாம் சரி. ஆனா அந்த ஊர்க்காரனுக்கு மன்னிக்கத் தெரியாது.

என்ன எந்திரிச்சுட்டீங்க? முன்னால எடம் இல்ல அண்ணாச்சி, நான் பாத்துட்டேன். எறங்குறதுக்கு விருதுநகரே இன்னும் வரல. வெயில் ஒத்துக்கிடலையா, மொகம் வேத்திருக்கு. பையை விடுங்க, நான் பிடிச்சுக்கிடுறேன். கையைக் குடுங்க. ஒண்ணுமில்ல, சும்மா உக்காருங்க. உக்காருங்கன்னு சொல்றேன்ல.